பேழையில் வந்த பிள்ளை

கிள்ளை! கிளிக்குத் தமிழ் தந்த பழம்பெயர் அது. மழலை பேசும் குழந்தையைக் "கிள்ளைமொழி பேசுகிறது" என்று கொஞ்சுகிறோம். குழந்தையின் நாவை நினைவூட்டும் இந்தப் பெயரைத் தாங்கி, சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை அடுத்து ஒரு பேரூர் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கரையிற் கடல் ஏறிற்று. எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு போன்ற மணல்திட்டுகளில் குடியிருந்தோர் அலையின் வாயிற் சிக்கினர். கடலூர் மாவட்டத்தில் மாண்டோர் 600க்கு மேல்; நாகை மாவட்டத்தில் 6,000க்கு மேல். சுரபுன்னைக் காடு முன்னின்று அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டதால், அதன் பின்னிருந்த சிற்றூர்கள் சில தப்பின. காடு காத்தது, கடவுளர் எவரும் வந்ததாகச் செய்தி இல்லை.

அலை வடிந்தது. கரையில் எஞ்சி நின்றனர் சிறுவர், சிறுமியர். அப்பனைக் கேட்டால் கடலைக் காட்டினர். அம்மையைக் கேட்டால் அழுதனர். ஏட்டுக்கு ஏடு அவர்களின் படம்! பார்த்தவர் கண் கலங்கினர், பணம் அனுப்பினர், "ஒரு குழந்தையை எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்டவரும் பலர். நல்ல உள்ளங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, அந்த உள்ளங்களில் அநாதைக் குழந்தை என்றதும் எழுந்த உருவம் எது? அதை அங்கே எழுதி வைத்தவர் எவர்? கதைகள்! பாட்டி சொன்ன கதை, பஞ்சு மெத்தைத் திரையரங்கிற் கண்ட கதை, தொடராக வந்த கதை. அந்தக் கதைகளைக் கொஞ்சம் நீதிமன்றத்திலே நிறுத்துவோம். குற்றம் சாட்டவே நிறுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். அவற்றுள் விடுதலைக்கு உரியவையும் உண்டு.

முதலிற் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அநாதை! 'நாதன் இல்லாதது' என்பது அதன் பொருள். வடமொழி வழங்கிய சொல். நாதன் என்றால் தலைவன், உடையவன். ஒரு குழந்தைக்குப் பாலில்லை என்று அந்தச் சொல் வருந்தவில்லை. பள்ளியில்லை என்று வருந்தவில்லை. உடையவன் இல்லையே என்று வருந்துகிறது! மாட்டுக்கு உடையவன் உண்டு, மனைக்கு உடையவன் உண்டு, இந்தப் பிள்ளைக்கு உடையவன் இல்லை என்பதே அதன் கவலை. சொல்லே இப்படியென்றால், சொல்லைக் கொண்டு கட்டிய கதை எப்படியிருக்கும்?

கர்ணனைப் பாருங்கள். கன்னி பெற்றாள், பேழையில் இட்டாள், ஆற்றில் விட்டாள். தேரோட்டியான அதிரதனும் அவன் மனைவி இராதையும் எடுத்து வளர்த்தனர். பால் தந்தவள் இராதை. தோளில் சுமந்தவன் அதிரதன். கதையோ அவர்களை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டு, "இவன் யார் மகன்?" என்ற ஒரே கேள்வியோடு உள்ளே போகிறது. வில்லாற்றல் இருந்தும் தேரோட்டி மகன் என்று இகழப்படுகிறான். அவன்மேல் நமக்கு இரக்கம் வரவேண்டும் என்பதற்காகக் கதை சொல்லும் காரணம் என்ன? தேரோட்டி மகனை இகழ்வது தவறு என்பதன்று! இவன் உண்மையில் தேரோட்டி மகனல்லன், அரசகுலத்தான், கதிரவன் மகன். அது தெரியாமல் இகழ்கின்றனரே என்பது! நுணுகிப் பாருங்கள், அந்த இரக்கத்துக்குள்ளே வருணம் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

பேழை ஆற்றோடு போய்விடவில்லை. ஆயிரம் கதைகளில் மிதந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆங்கில நாட்டிலும் அது கரை ஒதுங்கிற்று. 1837 முதல் 1839 வரை டிக்கன்சு எழுதிய 'ஆலிவர் டுவிசுட்' கதையின் சிறுவன் ஏழையர் விடுதியிற் பிறந்தவன். 1834இல் வந்த ஏழையர் சட்டத்தின் கொடுமையை, கஞ்சிக்குக் கையேந்திய அந்தச் சிறுவனைக் கொண்டு உலகறியச் செய்தார் டிக்கன்சு. அந்தத் துணிவை வணங்குவோம். ஆனால், விடுதியில் வளர்ந்தவன், கள்வரிடையே உழன்றவன், அவன் பேச்சு மட்டும் பெருமகன் வீட்டுப் பேச்சாகவே இருக்கிறது! ஏன்? கடைசியில் அவன் பெருமகன் ஒருவரின் பிள்ளை என்று தெரியப் போகிறது. இரத்தம் இலக்கணம் கற்பித்துவிட்டது போலும்!

நம் நாட்டுத் திரைக்கு வருவோம். 1960இல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா'வைக் கண்டு கண்ணீர் விடாதவர் குறைவு. அநாதை விடுதியில் வளரும் செல்வம், தாயை ஏங்கிப் பாடும் பாடலை இன்றும் கேட்கிறோம். ஆனால் அந்தச் சிறுவன் யார்? செல்வக் குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கும் உழவன் மகளுக்கும் பிறந்தவன். தாயும் உயிரோடு இருக்கிறாள். தந்தையும் உயிரோடு இருக்கிறான். பாட்டனே குழந்தையைக் கொண்டுபோய் விடுதியில் விட்டுவிட்டுத் தாயிடம் இறந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறான். முடிவிற் குடும்பம் கூடுகிறது. நாமும் நிம்மதியோடு எழுந்து வீட்டுக்குப் போகிறோம்.

போகுமுன் ஒரு நொடி நில்லுங்கள். செல்வம் போய்விட்டான்; விடுதியில் அவனோடு உண்டு உறங்கிய மற்றப் பிள்ளைகள்? அவர்களுக்கு வரப்போகும் தந்தை இல்லை. வெளிப்படப் போகும் மறையும் இல்லை. அவர்களல்லரோ மெய்யான ஆதரவற்றோர்! கதை அவர்களை அவனுக்குப் பின்னே வரிசையில் நிறுத்தி வைத்தது. செல்வம் போனதும் விளக்கை அணைத்துவிட்டது. அநாதையைப் பற்றிய கதை என்று நாம் நினைத்தது, அநாதையல்லாத ஒருவனைப் பற்றிய கதை. 1991இல் வந்த 'தளபதி'யிற் பேழைக்குப் பதில் சரக்குத் தொடர்வண்டி. ஆறு இருப்புப்பாதை ஆயிற்று. சேரி மக்கள் எடுத்து வளர்த்த பிள்ளை. அந்த மக்களின் அன்பை அந்தப் படம் மதித்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எனினும் கதையின் கயிறு முழுதும் பெற்றவள் யார், உடன்பிறந்தவன் யார் என்ற முடிச்சிலேதான் கட்டப்பட்டது.

இது ஒரு வார்ப்பு. இரண்டாவது வார்ப்பு இதைத் தலைகீழாக்கியது. யாரென்று தெரியாதவனா? அப்படியானால் எதையும் செய்வான்! 1978இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில், அநாதைச் சிறுவனாக வந்தவன் வளர்ந்து பெண்களைக் கொல்பவன் ஆகிறான். அவனைக் கெடுத்த சூழலையும் படம் காட்டிற்று; ஆயினும் அதைப் போல வந்த கதைகள் பல, சூழலை மறந்து 'அநாதை' என்ற ஒரு சொல்லையே காரணமாக வைத்துக்கொண்டன. அடியாள் வேண்டுமா? அநாதை. கொலைக்கு அஞ்சாதவன் வேண்டுமா? அநாதை. எழுத்தாளனுக்கு எளிது: குடும்பம் எழுத வேண்டாம், ஊர் எழுத வேண்டாம்! முதல் வார்ப்பில் நல்ல இரத்தம் நல்லவனாக்கிற்று. இரண்டாவதில் தெரியாத இரத்தம் தீயவனாக்கிற்று. இரண்டும் ஒரே பள்ளியிற் படித்தவை. அந்தப் பள்ளியின் பெயர் பிறப்பு.

இந்தக் கதைகளுக்குத் துணைநிற்கப் பழமொழிகளும் உண்டு. பிள்ளைப்பேற்றிலே தாய் மாண்டால், மருத்துவம் எட்டாததைக் கேட்பாரில்லை. "தாயைத் தின்ற பிள்ளை" என்பார்கள். கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். காப்பியக் காலத்திலே இந்திரவிழாவை மறந்ததற்காகப் புகாரைக் கடல் கொண்டது என்றார்கள். 2004இற் கடலேறியதோ சுமத்திராத் தீவருகே கடலடி நிலத்தட்டு நழுவியதால். அந்தக் காலையில் அனைத்தையும் இழந்த சிறுமியைப் பார்த்து, "இவள் ராசி" என்று எவரேனும் முணுமுணுத்தால், அந்த முணுமுணுப்பு அலையினும் கொடியதன்றோ?

மூன்றாவது வார்ப்பு இரக்கத்தின் வார்ப்பு. இங்கே பிள்ளை பேசமாட்டான், கையேந்துவான். செல்வர் மனம் திருந்துவதற்கு அவன் ஒரு கருவி. கதையின் கடைசியிற் செல்வர் ஒரு விடுதி திறப்பார். திறந்த கத்தரிக்கோலோடு கதை முடியும். இவ்விடத்தில் நம் வீட்டையும் கொஞ்சம் கூட்டிப் பெருக்குவோம். 1952இல் வந்த 'பராசக்தி' தமிழ்நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. கைம்பெண்ணொருத்தி பசியாலும் பழியாலும் துரத்தப்பட்டுத் தன் குழந்தையை ஆற்றில் எறியும் நிலை வந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டது. ஆற்றில் விட்டவளைக் குற்றவாளியாக்காமல், ஆற்றங்கரை வரை அவளைத் துரத்தியவர்களைக் கூண்டிலேற்றியது. குந்தியின் கதையிற் கேட்கப்படாத கேள்வி அது! அந்தப் பெருமை என்றும் குறையாது. ஆயினும், குழந்தை படகில் விழுந்து பிழைத்தது, அண்ணன்மார் கிடைத்தனர், குடும்பம் கூடிற்று, கடைசியில் ஆதரவற்றோர்க்கு ஓர் இல்லம் திறந்தனர். அதுவே முடிவு. இல்லம் திறந்த மறுநாட் காலை என்ன ஆயிற்று? அங்கே எழுந்த முதற் குழந்தை யாரைக் கூப்பிட்டது? அந்தக் கதையை நாமும் எழுதவில்லை, பிறரும் எழுதவில்லை. நம்மவர் படைப்பு என்பதால் இதைச் சொல்லாமல் விட்டால் நம் திறனாய்வு பக்தியாகிவிடும்.

சரி, வேறு வழியே இல்லையா? உண்டு. நம் பழந்தமிழிலேயே உண்டு. கிள்ளையிலிருந்து தெற்கே, கொள்ளிடம் கடந்து கரையோடு போனால் காவிரிப்பூம்பட்டினம். அந்த மண்ணை ஒட்டி எழுந்த மணிமேகலையிற் சாத்தனார் ஒரு பிள்ளையைக் காட்டுகிறார். பெயர் ஆபுத்திரன். வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி என்னும் பார்ப்பனி, வழியில் ஈன்று, தோட்டத்தில் விட்டுப் போனாள். ஏழு நாள் ஓர் ஆ பால் சுரந்து காத்தது. இளம்பூதி என்னும் பார்ப்பனன் எடுத்து வளர்த்துக் கல்வி தந்தான். ஒருநாள், வேள்வியிற் கொல்லக் கட்டிவைத்த பசுவைக் கண்டான் சிறுவன். இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். பிடித்தார்கள், அடித்தார்கள். அவன் வாதத்துக்கு விடையில்லை. விடையில்லாதவர் என்ன செய்வர்? பிறப்பை எடுத்தனர்! "இவன் சாலி மகன்" என்று இழித்தனர்.

இதே இடத்திற் கர்ணன் தலைகுனிந்தான். ஆபுத்திரன் சிரித்தான்! நீங்கள் வணங்கும் முனிவர்கள் எவ்வயிற்றிற் பிறந்தனர் என்று திருப்பிக் கேட்டான். வளர்த்தவனும் அவனை வீட்டைவிட்டு விரட்டினான். ஐயமிட்ட ஊர் அவன் ஓட்டிற் கல்லை இட்டது. மதுரை சென்றான். பெற்றவரைத் தேடினானா? இல்லை. நான் யார் என்று புலம்பினானா? இல்லை. பிச்சையெடுத்து வந்ததைக் குருடர், செவிடர், முடவர், நோயாளர், காப்பாரற்றவர் என்று கூவி அழைத்து ஊட்டினான். மீந்ததை உண்டு, ஓட்டையே தலையணையாக்கி உறங்கினான். அந்தக் கைக்கே அமுதசுரபி வந்தது.

சாத்தனாரும் கடைசியில் அவனை மறுபிறப்பிற் சாவகத்து அரசனாக்கிவிட்டார் என்பது உண்மைதான். மறுபிறப்பை நாம் ஒப்புவதற்கில்லை. அது அவர் சமயம். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள்: கர்ணனுக்கும் ஆலிவருக்கும் உயர்வு தந்தது முன்னமே ஓடிய இரத்தம், ஆபுத்திரனுக்கு உயர்வு தந்தது அவன் கை செய்த வேலை. ஒரு கதை பிள்ளையின் பின்புறத்தைப் பார்க்கிறது; மற்றது அவன் கைகளைப் பார்க்கிறது.

கபிலரகவல் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த ஏழு பிள்ளைகள் எழுவேறு இடங்களில் விடப்பட்டனர் என்பது அதன் கதை. வண்ணார் வீட்டில் ஒன்று, பாணர் இல்லில் ஒன்று, குறவர் குடியில் ஒன்று, அந்தணர் மனையில் ஒன்று என்று வளர்ந்தன. நடந்த வரலாறு என்று எவரும் கொள்ள வேண்டா. ஆனால் கதையின் குறி எது? ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வளர்ந்த வீட்டால் வேறு வேறு சாதி எனப்படுகின்றனர். அப்படியானால் பிறப்பால் வருவதா சாதி? கைவிடப்பட்ட குழந்தையைச் சாதிக்கு எதிரான சான்றாகவே நிறுத்திற்று அந்த அகவல். 1910இல் தாகூர் வெளியிட்ட 'கோரா'வும் அத்தகையதே. ஆசாரத்தை உயிராக மதித்த இளைஞன், தான் 1857இன் கலகத்திற் பெற்றோரை இழந்த அயர்லாந்துக் குழந்தை என்று அறிகிறான். மறை வெளிப்பட்டதும் குலம் கிடைக்கவில்லை, குலம் என்பதே கழன்று விழுகிறது. வளர்த்த தாயை மெய்த்தாய் என்று அணைகிறான். அதே பேழைதான். ஆனால் திறந்த கை வேறு! நம் காலத்தில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), ஈழத்துப் போரிற் பெற்றவளைப் பிரிந்த சிறுமி அவளைத் தேடிக் கண்டபின்னும், வளர்த்தவரோடே திரும்புவதைக் காட்டிற்று. நல்ல தடம் அது, பின்தொடர்ந்தோர் சிலரே.

கதைதானே, இதற்கு ஏன் இத்தனை வாதம் என்று கேட்கலாம். கதை வெறும் கதையாக நிற்பதில்லை, தோழர்களே, சட்டமாக நிற்கிறது. பழைய இந்துச் சட்டத்திலே தத்து என்பது பிள்ளைக்காக ஏற்பட்டதன்று, பிண்டத்துக்காக ஏற்பட்டது. ஆண்பிள்ளையைத்தான் எடுக்கலாம். கொடுக்கும் உரிமை பெற்றவர்க்கே உண்டு. விளைவு? பெற்றவரே இல்லாத பிள்ளையைக் கொடுக்க ஆளில்லை! யாருக்குத் தாய்மடி மிக வேண்டுமோ அவனுக்கே அது மூடப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணையும் தத்தெடுக்க வழி செய்தது. பெற்றோர் இன்னாரெனத் தெரியாத குழந்தையை, நீதிமன்ற ஒப்புதலோடு காப்பாளர் தத்துக் கொடுக்கலாம் என்பது 1962இன் திருத்தத்திலேதான் வந்தது. எந்தச் சமயத்தவரும், சமயம் வேண்டாதவரும், இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் தெளிவாக்கிற்று. சட்டம் தவழ்ந்து தவழ்ந்தாவது பிண்டத்திலிருந்து பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. கதை இன்னும் பேழையைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கிள்ளைக் கரைக்குத் திரும்புவோம். கடலேற்றத்துக்குப் பின் கடலூரிலும் நாகையிலும் கன்னியாகுமரியிலும் தமிழ்நாடு அரசு தனி இல்லங்கள் திறந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் போடப்பட்டது. குழந்தைகளை அவசரமாகத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது, முதலில் உறவைத் தேடுக என்று குழந்தை நலம் அறிந்தோர் கூறினர். இது எந்தக் கதையிலும் வராத ஞானம். ஏனெனில் கதையின் அநாதைக்கு உறவே கிடையாது. வாழ்வின் பிள்ளைக்கோ பாட்டி உண்டு, சித்தி உண்டு, அண்டை வீட்டார் உண்டு. உலகெங்கும் இல்லங்களில் வாழும் குழந்தைகளிற் பெரும்பாலோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கின்றனர். அவர்களை அங்கே கொண்டுவந்தது சாவன்று, வறுமை. வட்டிக் கடனுக்கு ஊர்விட்டு ஊர் போகும் குடும்பம், நோயில் விழுந்த தந்தை, தனித்து உழைக்கும் தாய்: இவர்கள் கதையில் எங்கே? வறுமையை எழுதினால் பொறுப்பாளியைக் காட்ட வேண்டிவரும். விதியை எழுதினால் எவரையும் காட்ட வேண்டாம்! 2025 செப்டம்பரிற் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், இத்தகைய பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 2,000 ரூபாய் தந்து படிக்க வைக்க முனைந்தது. வறுமையே காரணம் என்பதை அரசு கண்டது. எழுத்தாளர் இன்னும் காணவில்லை.

எழுதப் பொருளா இல்லை? பள்ளியிற் பெயர் பதியும்போது "தலைப்பெழுத்து என்ன?" என்ற கேள்வி ஒன்று போதும், ஒரு நாவலுக்கு. திருச்சி நாகம்மையார் இல்லத்திலே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஈ.வெ.ரா.ம. என்ற எழுத்துகளையே தலைப்பெழுத்தாகத் தந்தனர் பெரியாரும் மணியம்மையாரும். பேழையைத் திறந்து யார் மகன் என்று தேடவில்லை. எங்கள் மகன் என்றனர்! 1930இல் முத்துலட்சுமி அம்மையார் ஒளவை இல்லம் கண்டது, தேவதாசிக் குலத்துச் சிறுமியரைப் பிற விடுதிகள் ஏற்க மறுத்ததால். சிதம்பரத்தில் 1916இற் சகசானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விவழி திறந்தார். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலே, 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, காப்பாரின்றி, இல்லங்களிற் சேர்ந்த பிள்ளைகளுக்கும் ஓர் இடம் உண்டு. சாதி இன்னதென்று அறியாத பிள்ளைக்கும் சமூகநீதி உண்டு என்று சொன்ன பட்டியல் அது! அந்தச் சான்றிதழுக்காக அலுவலகப் படியேறும் ஓர் இளைஞனின் ஒருநாளை எழுதிப் பாருங்கள். 18 வயது நிறைந்ததும் இல்லத்தை விட்டு வெளியேறும் பெண், முதன்முதல் வாடகைக்கு அறை தேடும் மாலையை எழுதிப் பாருங்கள். 21 வயது வரை பின்னுதவி உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். அது அவள் கைக்கு வந்ததா என்று கதை கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது எழுத்தாளர்க்கன்று, படிக்கும் நமக்கு. பிறந்தநாள் என்று இல்லங்களுக்கு இனிப்போடு போகிறோம். பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர். நம்மில் எவரோ, "ஒரு பாட்டுப் பாடு கண்ணா" என்கிறோம். எந்தப் பாட்டு? அம்மாவைப் பற்றிய பாட்டு! அவன் பாடுகிறான், நாம் அழுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். திரையிற் கண்டதை நேரிலே நடத்திப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை அன்று பாடியது எத்தனையாவது முறை என்று எண்ணினோமா? அவன் கணக்கிற் கெட்டியா, பந்தாட்டத்திற் சூரனா, இனிப்பைவிடக் காரம் விரும்புகிறவனா என்று கேட்டோமா? கண்ணீர் வாங்கப் போன கடையில் அவன் சரக்கு ஆகிவிட்டான். கதை செய்த கேடு இதுதான்: பிள்ளையை மறைத்து அவன் இழப்பை மட்டும் காட்டப் பழக்கிவிட்டது.

இனி அங்கே போனால் பாடச் சொல்லாதீர்கள், தோழர்களே. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்துக் காட்டுங்கள். அடுத்த வாரமும் போங்கள். எழுதும் கை உடையவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றில் வரும் பேழையைக் கண்டால் ஆடையிலே முத்திரை உண்டா, கழுத்திலே பதக்கம் உண்டா என்று தேடாதீர்கள். உள்ளே இருப்பது குழந்தை. பசித்திருக்கிறது. அதை எடுத்த இராதையின் கதையை எழுதுங்கள். எடுக்கப்பட்ட பிள்ளை தானே வாய் திறந்து சொல்லும் கதையை எழுதுங்கள். 2004இற் கிள்ளைக் கரையில் நின்ற சிறுவர் இன்று வளர்ந்துவிட்டனர்; தொழில் செய்கின்றனர்; சிலர் தாமே பெற்றோராகியிருப்பர். அவர்கள் யார் மக்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் யார் என்பதுதான் நமக்கு இன்னும் தெரியவில்லை.